பச்சை மரத்தில் கரண்டி செதுக்குவது: கட்டை பிளப்பதிலிருந்து எண்ணெய் ஊறும் வரை

புதிதாகக் கரண்டி செதுக்கப் பழகுபவர்களின் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தால் ஒன்று புரியும். கை பழகாததால் கெட்டுப்போகும் கரண்டிகள் கொஞ்சம்தான். ஐந்தாவதாகச் செய்ய வேண்டியதை மூன்றாவதாகச் செய்து கெடுத்தவைதான் ஏராளம். மரம் எடுத்தால் எடுத்ததுதான், திருப்பி ஒட்ட முடியாது. ஆகவே ஒவ்வொரு படியிலும் எதைச் சீவுகிறோம் என்பதோடு, அடுத்த படிக்காக எதை விட்டுவைக்கிறோம் என்பதையும் சேர்த்தே சொல்லியிருக்கிறேன்.

கீழே வருவது 25 செ.மீ. நீளமுள்ள, கிளறவும் பரிமாறவும் ஆகும் ஒரு கரண்டிக்கான வழி. முதல் முயற்சிக்கு ஒரு முழுப் பகல் ஒதுக்கிக்கொள்ளுங்கள். நடுவில் காய்வதற்கு ஒன்றிரண்டு வாரம் தனி.

1. கருவிகள்

கைக்கோடாலி ஒன்று, நேர்க்கத்தி ஒன்று, குழி குடைய வளைகத்தி ஒன்று. கூடவே சின்ன ரம்பம், பென்சில், வைத்து வெட்ட ஓர் அடிக்கட்டை. முதல் கரண்டிக்கு இது போதும்.

கோடாலியின் தலை 600 முதல் 900 கிராம் வரை இருக்கட்டும். அதைவிடக் கனமானது அரைமணியில் தோளை வாங்கிவிடும். ரொம்ப லேசானதை ஓங்கி ஓங்கி அடிக்க வேண்டியிருக்கும், ஓங்கினால் குறி தப்பும்.

நேர்க்கத்தியின் அலகு 7 முதல் 9 செ.மீ. நீளம் போதும். மடக்குக் கத்தியை எடுக்காதீர்கள். அலகின் முதுகைக் கட்டைவிரலால் தள்ளிச் செய்யும் வேலை இது. பூட்டு நழுவினால் அலகு விரல்மேல் மடங்கும். காய் நறுக்கும் கத்தியும் சரிவராது. அதன் தகடு மெல்லியது, அழுத்தினால் வளைந்து தன் போக்கில் போகும்.

வளைகத்தி வாங்கும்போது எந்தக் கைக்கு என்று பாருங்கள். ஒரு பக்கம் மட்டும் கூருள்ளவை வலக்கைக்கு வேறு, இடக்கைக்கு வேறு. இடக்கைக்காரர் ஒருவர் ஒரு நாள் முழுக்க வலக்கைக் கத்தியோடு மல்லுக்கட்டிவிட்டு, தனக்கு இந்த வேலை வராது என்று முடிவே கட்டிவிட்டார். கத்தியை மாற்றிக் கொடுத்தபின் அரைமணியில் குழி எடுத்தார். வளைகத்தி கிடைக்காவிட்டால் நகவுளியும் (வளைந்த வாயுள்ள உளி) கொட்டாப்புளியும் (மரச்சுத்தி) ஆகும். ஆனால் அப்போது கட்டையைப் பிடிப்பானில் இறுக்கித்தான் வேலை செய்ய வேண்டும். கையில் பிடித்த கட்டையில் உளியை ஓட்டவே கூடாது.

இனி கூர். புதுக் கத்தி கூராகத்தான் வரும் என்று நம்ப வேண்டாம். மென்மையான மரத்துண்டு ஒன்றின் வெட்டுமுகத்தில், அதாவது ரம்பம் போட்ட முனையில், ஒரு சீவல் எடுத்துப் பாருங்கள். சீவிய இடம் பளபளத்தால் கூர் இருக்கிறது. மங்கலாகப் பொடிந்தால் இல்லை. பளபளப்பின் நடுவே மெல்லிய வெள்ளைக் கோடு விழுந்தால் அலகில் அந்த இடத்தில் சின்னப் பல் விழுந்திருக்கிறது. 1000 எண் தீட்டுக்கல்லில் அலகின் ஓரத்தில் மெல்லிய உலோகப் பிசிர் எழும்வரை தீட்டி, அடுத்து மெல்லிய கல்லில் தேய்த்து, கடைசியாகப் பலகையில் ஒட்டிய தோல்பட்டையில் அலகைப் பின்னோக்கி இழுத்து முடியுங்கள். வளைகத்திக்குக் கல் ஒத்துவராது. உருண்டைக் குச்சியில் மெல்லிய உப்புத்தாளைச் சுற்றிக்கொண்டு உட்பக்கத்துக்கும், தட்டைக் குச்சியில் ஒட்டிக்கொண்டு வெளிப்பக்கத்துக்கும் பயன்படுத்தலாம். சரிவு இருக்கும் பக்கத்தைத்தான் தீட்ட வேண்டும், மறுபக்கத்தில் பிசிரை எடுத்தால் போதும்.

வேலை நடக்கும்போது அரைமணிக்கு ஒருமுறை தோல்பட்டையில் பத்து இழுப்பு. மழுங்கிய கத்திக்கு அதிக பலம் கொடுப்போம், அதிக பலம் கொடுத்த கத்தி நழுவினால் நிற்காது. கை வெட்டுப்படுவது பெரும்பாலும் அப்படித்தான்.

2. மரம் தேர்வு

வெட்டிச் சில நாளே ஆன பச்சை மரம் வேண்டும். ஈரமிருக்கும்போது இழைகள் மெத்தென்று இருக்கும், கத்தி வெண்ணெயில் போவதுபோல் போகும். அதே மரம் காய்ந்தபின் இரண்டு மடங்கு உழைப்பு கேட்கும். கடையில் வாங்கிய காய்ந்த பலகையில் தொடங்கியவர்களில் பாதிப்பேர் குழியிலேயே கைவிட்டுவிடுவார்கள்.

எந்த மரம் என்றால், இழை நெருக்கமாகவும் துளை சிறிதாகவும் வாசனை அதிகமில்லாமலும் இருக்கும் மரம். பிர்ச், மேப்பிள், செர்ரி, ஆப்பிள், பேரி எல்லாம் இதற்குப் பேர்போனவை. கொய்யா, பூவரசு, மா நன்றாக வரும். வேம்பும் ஆகும். ஓக் போலப் பெரிய துளையுள்ள மரத்தில் உணவு போய்த் தங்கும். தேக்கில் இருக்கும் சிலிக்கா கத்தியின் கூரைச் சீக்கிரம் தின்றுவிடும். அரளி, எட்டி போன்ற நச்சு மரங்களின் பக்கமே போக வேண்டாம். பெயர் தெரியாத மரத்தில் பழகுவதற்குச் செதுக்கலாமே என்று தோன்றும். பழகச் செய்த கரண்டிதான் கடைசியில் அடுப்படிக்குப் போய்ச் சேரும், அதனால் அதுவும் வேண்டாம்.

கட்டை 10 முதல் 15 செ.மீ. விட்டம், குறைந்தது 35 செ.மீ. நீளம் இருக்கட்டும். பட்டையைப் பாருங்கள். பட்டையின் வரிகள் நேராக ஓடினால் உள்ளே இழையும் நேராக இருக்கும். வரி கயிறுபோல் முறுக்கியிருந்தால் பிளக்கும்போது கட்டையும் முறுக்கிக்கொண்டே பிளக்கும். பட்டையில் கண்போலத் தழும்பு இருந்தால் அங்கே முன்பு கிளை இருந்திருக்கிறது, உள்ளே கணு காத்திருக்கும். அந்தத் துண்டை விட்டுவிட்டு அடுத்ததைப் பாருங்கள்.

3. பிளப்பது

முதலில் இரண்டு முனையிலும் 3 செ.மீ. அறுத்துத் தள்ளுங்கள். வெட்டுமுகம் மற்ற இடத்தைவிட வேகமாகக் காயும், கண்ணுக்குத் தெரியாத வெடிப்பு அங்கே ஏற்கெனவே ஓடியிருக்கும்.

அப்புறம் கட்டையை நிறுத்தி, கோடாலியை நடுமையத்தில் குறுக்காக வைத்து, அதன் தலையில் ஒரு மரக்கட்டையால் தட்டுங்கள். இங்கே ரம்பம் வேண்டாம். ரம்பம் நேர்கோட்டில் போகும், மரத்தின் இழை நேர்கோட்டில் போவதில்லை. அறுத்த பலகையில் செய்த காம்பில் சில இழைகள் பாதிவழியில் பக்கவாட்டாக வெளியேறிவிடும், என்றாவது ஒரு நாள் காம்பு சரியாக அங்கேதான் ஒடியும். பிளந்த துண்டில் இழை முனையிலிருந்து முனைவரை முழுசாக ஓடும்.

பிளந்த பாதியின் நடுவே, மரத்தின் மையத்தில் ஓடும் மென்மையான பகுதி ஒரு கோடாகத் தெரியும், அதற்குச் சோறு என்று பெயர். அதையும் அதைச் சுற்றி ஒரு செ.மீ. மரத்தையும் கோடாலியால் செதுக்கி எடுத்துவிடுங்கள். காயும்போது வெடிப்பு புறப்படும் இடம் அது. சோற்றைக் குழிக்குள் விட்டுவைத்த கரண்டி முழுசாகக் காய்ந்து நான் பார்த்ததில்லை.

மீதித் துண்டு 28 செ.மீ. நீளம், 7 செ.மீ. அகலம், 4 செ.மீ. கனம் என்ற அளவுக்கு வந்தால் சரி. மறுபாதியை உடனே நெகிழிப் பையில் போட்டுக் கட்டி நிழலில் வையுங்கள். மேசைமேல் போட்டுவிட்டுப் போனால் மாலைக்குள் வெடிப்பு தொடங்கிவிடும்.

4. கையும் உடம்பும் எங்கே இருக்க வேண்டும்

கத்தியை எடுக்கும் முன் இதை வெறுங்கையோடு பழகுங்கள்.

புதியவர்கள் செய்யும் ஆபத்தான தவறு ஒன்று உண்டு. உட்கார்ந்து, கட்டையை இரண்டு தொடைகளுக்கு நடுவே பிடித்துக்கொண்டு கீழ்நோக்கிச் சீவுவார்கள். உட்தொடையில் பெரிய தமனி ஓடுகிறது. அங்கே வெட்டுப்பட்டால் நிமிடக்கணக்கில் உயிருக்கே ஆபத்து. முழங்கைகளை முழங்கால்மேல் ஊன்றி, கட்டை முழங்காலுக்கு வெளியே இருக்கும்படி உட்காருங்கள். அல்லது உடம்பை ஒருபக்கம் திருப்பித் தொடைக்கு வெளிப்புறமாகச் சீவுங்கள்.

மூன்று சீவல்கள் தெரிந்தால் கரண்டி முழுவதையும் முடிக்கலாம்.

முதலாவது தள்ளுச் சீவல். கட்டையைப் பிடித்திருக்கும் கையின் கட்டைவிரலை அலகின் முதுகில் வைத்துத் தள்ள வேண்டும். கத்திபிடித்த கை திசையை மட்டும் பார்த்துக்கொள்ளும். ஒரு தள்ளலில் 2 செ.மீ.க்கு மேல் போகாது, அதனால் எங்கே நிறுத்த நினைக்கிறோமோ அங்கே நிற்கும். காம்பும் குழியும் சேரும் கழுத்துப் பகுதிக்கு இதுதான்.

இரண்டாவது மார்புச் சீவல். கட்டையை ஒரு கையிலும் கத்தியை ஒரு கையிலும் பிடித்து, இரண்டு கைகளையும் மார்போடு ஒட்டி, கூர் வெளிப்பக்கம் பார்க்க, தோள்பட்டையை விரித்து இரண்டையும் பிரியுங்கள். பலம் முதுகிலிருந்து வரும், அலகு போகும் தூரமோ ஒரு சாண்கூட இருக்காது.

மூன்றாவது இழுப்புச் சீவல். தோல் உரிப்பதுபோல் கத்தியைத் தன் கட்டைவிரலை நோக்கி இழுப்பது. இதில் கட்டைவிரல் அலகு வந்து நிற்கும் கோட்டுக்குக் கீழே, கட்டைக்குப் பின்னால் இருக்க வேண்டும். கோட்டின்மேலேயே இருந்தால் விரலைத்தான் சீவுவீர்கள்.

கட்டைபிடித்த கைக்கு வெட்டுத்தடுப்புக் கையுறை போடலாம். பஞ்சும் கட்டுத்துணியும் எட்டும் தூரத்தில் இருக்கட்டும்.

5. கோடாலி வேலை: பக்கத் தோற்றம் முதலில்

பெரும்பாலான முதல் கரண்டிகள் தடுமாறுவது இங்கேதான். தட்டையான கட்டையின்மேல் அழகாக ஒரு கரண்டி வரைந்து, அதை வெட்டத் தொடங்கிவிடுவார்கள். பாதியில், பக்கத்திலிருந்து பார்த்தால் வளைவே இல்லையே என்று நினைவு வரும். வளைவை எடுக்கப்போனால் வரைந்த கோடு சீவலோடு போய்விடும். மேலிருந்து பார்க்கும் வடிவத்தை இப்போது வரையவே வேண்டாம்.

கட்டையைப் பக்கவாட்டில் திருப்புங்கள். பிளந்த தட்டை முகம் மேலே. காம்பின் முனையிலிருந்து மெல்ல இறங்கி, குழி தொடங்கும் இடத்தில் 1 முதல் 1.5 செ.மீ. தாழ்ந்து, மறுபடி குழியின் நுனிக்குச் சற்று ஏறும் ஒரு கோடு வரையுங்கள். இந்தத் தாழ்வு இருந்தால்தான் பாத்திரத்தில் கரண்டி படுத்துக்கொண்டு அள்ளும், கையும் சூட்டுக்கு மேலே நிற்கும்.

தாழ்வான இடத்தில் ரம்பத்தால் குறுக்கே ஒரு வெட்டு, கோட்டைத் தொடாமல் 2 மி.மீ. முன்பே நிறுத்துங்கள். இப்போது கோடாலியால் காம்புப் பக்கத்திலிருந்து அந்த வெட்டு வரைக்கும், பிறகு நுனிப் பக்கத்திலிருந்து அதே வெட்டு வரைக்கும். ரம்பவெட்டு இல்லாவிட்டால் பிளவு அங்கே நிற்காமல் இழையோடு ஓடிக் குழிக்கான மரத்தையும் சேர்த்துப் பெயர்த்துவிடும்.

கோடாலி பிடிக்கும் முறை இது: கட்டையை மேல்முனையில் பிடித்து, அடிக்கட்டையின் நடுவுக்கு அப்பால், உங்களுக்கு எதிர்ப்பக்கமாக ஊன்றுங்கள். குறி தப்பினாலும் கோடாலி அடிக்கட்டையில் போய்க் குத்தும், கால்வரை வராது. பிடித்த கைக்குக் கீழே ஒரு சாண் இடைவெளி விட்டே வெட்டுங்கள். மேல்பாதியை வெட்ட வேண்டுமானால் கட்டையைத் தலைகீழாகத் திருப்ப வேண்டும். கையை இறக்கி, கோடாலியைக் கைக்குப் பக்கத்தில் கொண்டுபோகக் கூடாது. முதலில் கீழிருந்து மேலாகச் சாய்வான கொத்துகள் வரிசையாக, பிறகு மேலிருந்து கீழாக ஒரே சீவல். கொத்துகள் இழையைத் துண்டு துண்டாக்கிவிடுவதால் சீவல் கட்டுக்குள் வரும். கோட்டுக்கு 3 மி.மீ. முன்னால் கோடாலியைக் கீழே வைத்துவிடுங்கள். மிச்சம் கத்தியின் வேலை.

6. வெளிக்கோடும் மரத்தின் வாட்டமும்

இப்போது வளைந்த மேல்முகத்தில் முதலில் நடுக்கோடு. அதை வைத்து இரண்டு பக்கமும் சமமாகக் குழியின் நீள்வட்டம்: 7.5 செ.மீ. நீளம், 5.5 செ.மீ. அகலம். கழுத்து 2 செ.மீ. அகலம். அங்கிருந்து காம்பு முனை நோக்கி லேசாக விரியட்டும். நடுக்கோடு இல்லாமல் வரைந்தால் காம்பு ஒருபக்கம் கோணிக்கொண்டு போவது குழி முடிந்த பிறகுதான் கண்ணுக்குத் தெரியும்.

கழுத்தின் இரண்டு பக்கமும், ஒடுக்கமான இடத்தில், கோட்டுக்குச் சற்று முன்னால்வரை ரம்பவெட்டு. அப்புறம் குழியின் அகலமான இடத்திலிருந்து கழுத்துக்கு, காம்பின் அகலமான முனையிலிருந்தும் கழுத்துக்கு. இரண்டும் ரம்பவெட்டில் சந்திக்கும். குழியின் நுனிப் பக்கத்திலும் இதேதான், அகலத்திலிருந்து நுனிக்கு.

ஏன் எப்போதும் அகலத்திலிருந்து ஒடுக்கத்துக்கு? ஈர்க்குக் கட்டு ஒன்றை நினைத்துக்கொள்ளுங்கள். அதைச் சாய்வாகச் சீவும்போது, கத்தி வெளி ஈர்க்கிலிருந்து உள் ஈர்க்குக்கு இறங்கினால், வெட்டுப்படும் ஒவ்வொரு ஈர்க்குக்கும் கீழே இன்னொன்று தாங்கும். சீவல் சுத்தமாக வரும். அதே சாய்வில் எதிர்த்திசையில் போனால், கத்தி ஈர்க்குகளின் நடுவே புகுந்து அவற்றைக் கிளப்பிவிடும். மரமும் அப்படித்தான். வாட்டத்தில், அதாவது இழை தாங்கும் திசையில், போகும்போது சுருள் சுருளாக வரும், சத்தமும் சீராக இருக்கும். எதிர்வாட்டத்தில் கத்தி திடீரென்று ஆழப் போகும், ‘டிக்’ என்று விரிசல் சத்தம் கேட்கும். அந்தச் சத்தம் கேட்டால் இன்னும் அழுத்தாதீர்கள். கத்தியை எடுத்து எதிர்ப்பக்கத்திலிருந்து வாருங்கள். விதியை மனப்பாடம் செய்ததைவிட இந்தச் சத்தத்தைக் காதில் ஏற்றிக்கொண்டவர்கள்தான் சீக்கிரம் தேறினார்கள்.

7. குழி: முதுகைத் தொடும் முன்

வெளிக்கோடு வந்ததும் கை தானாக முதுகை, அதாவது குழியின் அடிப்புறத்தை, உருட்டப் போகும், ஏனென்றால் அப்போதுதான் அது கரண்டிபோலத் தெரியும். பொறுங்கள். முதுகு கனமாக இருக்கும்வரைதான் கட்டை கையில் நன்றாக அமரும். அதோடு, குழி நினைத்ததைவிடச் சற்று ஆழமாகிவிட்டாலும் முதுகைக் கனமாக விட்டுச் சரிக்கட்டலாம். முதுகை முதலில் முடித்தவருக்கு அந்த வாய்ப்பு இல்லை.

விளிம்புக்கு உள்ளே 4 மி.மீ. தள்ளி இன்னொரு நீள்வட்டம் வரையுங்கள். அந்தக் கோட்டுக்குள்தான் வளைகத்தி.

நட்டநடுவில் தொடங்குங்கள், இழைக்குக் குறுக்காக. ஒரு பக்கமிருந்து நடுவை நோக்கிச் சின்னச் சின்னச் சீவல், பிறகு கரண்டியைத் திருப்பி மறுபக்கமிருந்து. குறுக்காகப் போகும்போது இழை பிளந்து ஓட வழியில்லை, அதனால் தைரியமாக எடுக்கலாம். குழி பெரிதாகப் பெரிதாகக் கோட்டை நோக்கி விரிந்துவாருங்கள். பிடித்த கையின் விரல்கள் குழியின் விளிம்புக்கு மேலே நீட்டிக்கொண்டிருக்கக் கூடாது. வளைகத்தி விளிம்பைத் தாண்டும்போது சட்டென்று வெளியே பாயும்.

இங்கே நடக்கும் தவறுகள் இரண்டு. ஒன்று, அலகை ஆழமாகக் குத்தி நெம்புவது. நெம்பினால் விளிம்பு நசுங்கும், குழியின் அடியில் பள்ளம் விழும், அந்தப் பள்ளத்தை எடுக்கக் குழி முழுவதையும் ஆழப்படுத்த வேண்டிவரும். இன்னொன்று, நீளவாக்கில் ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை ஒரே சீவலாகப் போவது. குழியில் இறங்கும்வரை வாட்டம், அடியைத் தாண்டி ஏறத் தொடங்கியதும் எதிர்வாட்டம். இரண்டு முனையிலிருந்தும் அடிவரை இறங்கி நிறுத்தி, அடியில் சந்திக்கும் இடத்தைக் குறுக்குச் சீவலால் சமப்படுத்துங்கள்.

ஆழம் 1 முதல் 1.2 செ.மீ. போதும். விளிம்பின்மேல் நேரான குச்சியைக் குறுக்கே வைத்து, நடுவில் இன்னொரு குச்சியை இறக்கிப் பாருங்கள். கண்ணால் மட்டும் பார்த்தால் குழி எப்போதும் ஆழமில்லாததுபோலவே தெரியும். என் மூன்றாவது கரண்டியை அப்படி நம்பித்தான் இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம் என்று எடுத்தேன். பிறகு முதுகையும் உருட்டிவிட்டுச் சன்னலுக்கு நேரே பிடித்தால், குழியின் அடியில் ஒரு காசளவுக்கு ஆரஞ்சு நிறத்தில் வெளிச்சம் தெரிந்தது. அதற்குப் பிறகு ஒரே ஒரு சீவல் எடுத்தேன். ஓட்டை.

8. முதுகு, கழுத்து, காம்பு

முதுகை உருட்டும்போது கத்தியைவிட விரல்தான் அளவுகோல். கட்டைவிரல் குழிக்குள், ஆள்காட்டிவிரல் முதுகில். கண்ணை மூடிக்கொண்டு கிள்ளிப் பிடித்து விளிம்பிலிருந்து நடுவரை நகர்த்துங்கள். எங்கே தடிப்பு என்று கண்ணைவிட விரல் சரியாகச் சொல்லும். இப்போதைக்கு விளிம்பில் 4 மி.மீ., அடியில் 6 மி.மீ. விட்டுவையுங்கள்.

கழுத்தில் கவனம் வேண்டும். மேலிருந்து பார்க்க ஒடுக்கமாக இருக்கலாம், பக்கத்திலிருந்து பார்க்க உயரமாக இருக்க வேண்டும். உத்தரத்தைப் படுக்கப் போடாமல் நிறுத்திப் போடுவதும் இதே காரணத்துக்குத்தான்: வளைக்கும் பாரத்தைத் தாங்குவது உயரம். அகலத்தைக் கொஞ்சம் குறைத்தால் பெரிதாகத் தெரியாது, உயரத்தைப் பாதியாக்கினால் விறைப்பு எட்டில் ஒன்றாகிவிடும். குழியின் முதுகுக்கு நடுவே ஒரு மெல்லிய மேட்டை விட்டு, அதைக் கழுத்தின் அடிப்பக்கத்தோடு இணைத்துவிட்டால் ஒல்லியாகத் தெரியும் கரண்டியும் உறுதியாக இருக்கும்.

காம்பைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. மார்புச் சீவலால் நான்கு மூலைகளையும் எடுத்து எட்டுப் பட்டையாக்குங்கள். அத்தோடு நிறுத்தலாம்.

வேலையை நடுவில் விட்டுப் போவதாக இருந்தால், கரண்டியை அதே சீவல்களோடு நெகிழிப் பையில் போட்டுக் கட்டிவிடுங்கள்.

9. காய வைப்பது

இந்த நிலையில் கரண்டி முடிந்ததுபோலவே இருக்கும். உடனே தேய்த்து எண்ணெய் போடத் துடிப்பீர்கள். ஆனால் அது இன்னும் உருவம் மாறப்போகிறது. ஈரம் சுமார் 30 விழுக்காட்டுக்குக் கீழே இறங்கும்போதுதான் மரம் சுருங்கத் தொடங்கும். மரத்தின் ஆண்டு வளையத்தின் போக்கில் சுருங்குவது, மையத்திலிருந்து வெளியே போகும் திசையில் சுருங்குவதைப்போல் ஏறக்குறைய இரண்டு மடங்கு. அதனால் குழி சற்று ஒடுங்கும், விளிம்பு கொஞ்சம் நெளியும். முன்பு விட்டுவைத்த ஒன்றிரண்டு மி.மீ. இதற்காகத்தான்.

வெடிப்பு வருவது காய்வதால் என்பதைவிட, ஒரு பக்கம் வேகமாகவும் ஒரு பக்கம் மெதுவாகவும் காய்வதால். வெயில், மின்விசிறி, அடுப்புப் பக்கம் எதுவும் கூடாது. கரண்டியைச் செய்தித்தாளில் இரண்டு சுற்று சுற்றியோ, சீவல் நிரப்பிய காகிதப் பையில் போட்டோ நிழலில் வையுங்கள். நெகிழிப் பை இப்போது ஆகாது, அதில் ஈரம் வெளியேறாமல் பூஞ்சை பிடிக்கும்.

காய்ந்துவிட்டதா என்று தடவிப் பார்த்துச் சொல்ல முடியாது. தராசில் வையுங்கள். தினமும் ஒரே நேரத்தில் எடை பார்த்துக் காகிதத்திலேயே எழுதிவாருங்கள். முதல் சில நாள் மளமளவென்று இறங்கும். பிறகு மூன்று நாள் தொடர்ந்து அதே எடை காட்டினால் காய்ந்துவிட்டது. மரத்தையும் காற்றின் ஈரத்தையும் பொறுத்து ஒரு வாரம் முதல் இரண்டு வாரம் ஆகும்.

10. கடைசிச் சீவல்

கத்தியை மறுபடி முழுசாகத் தீட்டிவிட்டு வாருங்கள். பச்சையில் போதுமென்றிருந்த கூர் காய்ந்த மரத்தில் போதாது.

இப்போது எடுப்பவை காகிதம்போல் மெல்லிய, நீளமான சீவல்கள். கோடாலித் தடமும் பென்சில் கோடும் போகட்டும். விளிம்பை 3 மி.மீ.க்குக் கொண்டுவாருங்கள். விளிம்பின் உள், வெளி மூலைகளைக் கத்தியால் ஒருமுறை லேசாக மழுக்குங்கள். கூரான மூலை பாத்திரத்தில் பட்டுப்பட்டுச் சிலாம்பாகிவிடும். கரண்டியை உதட்டில் வைத்துப் பாருங்கள். கைக்குத் தெரியாத சொரசொரப்பு உதட்டுக்குத் தெரியும்.

உப்புத்தாள் வேண்டுமா? கூரான கத்தி விட்ட மேற்பரப்பு தாள் போட்டதைவிடத் தண்ணீரில் நன்றாகத் தாக்குப்பிடிக்கும் என்பதால் நான் காம்பில் போடுவதில்லை. குழிக்குள் மட்டும் போடுவேன். போடுவதாக இருந்தால் கத்திவேலை எல்லாம் முடிந்த பிறகுதான். தாளிலிருந்து உதிரும் துகள் மரத்தில் பதிந்துகொள்ளும், அதன்மேல் மறுபடி கத்தி வைத்தால் கூர் அப்போதே போய்விடும். தாளின் எண் 120, 180, 240, 400 என்று படிப்படியாகப் போங்கள். 240க்குப் பிறகு கரண்டியைத் தண்ணீரில் நனைத்துக் காயவிட்டால் படுத்திருந்த இழைகள் முள்ளாக எழுந்து நிற்கும். அவற்றை 400ஆல் எடுத்துவிடுங்கள். நனைக்காமல் விட்டால் முதல்முறை கழுவும்போது அதே முள்கள் எழும்.

11. எண்ணெய்

காற்றில் பட்டு உள்ளுக்குள்ளேயே இறுகும் எண்ணெய்தான் வேண்டும். ஆளிவிதை எண்ணெய், டங் எண்ணெய், வால்நட் எண்ணெய் அப்படிப்பட்டவை. கொட்டைப்பருப்பு ஒவ்வாமை உள்ளவர்கள் வால்நட்டைத் தவிர்க்கலாம். ஆலிவ், நல்லெண்ணெய் போன்றவை இறுகுவதில்லை, நாளாக ஆகச் சிக்கெடுக்கும். வண்ணக்கடையில் ‘காய்ச்சிய’ ஆளிவிதை எண்ணெய் என்று கிடைப்பது வேண்டவே வேண்டாம். அதில் சீக்கிரம் உலர்வதற்காக உலோக உப்புகள் கலந்திருக்கும். உண்பதற்கென்று விற்கும் ஆளிவிதை எண்ணெயை வாங்குங்கள்.

துணியில் தொட்டுத் தாராளமாகத் தேய்த்து, அரைமணி ஊறவிட்டு, மேலே மிஞ்சியதை உலர்ந்த துணியால் முழுசாகத் துடைத்தெடுங்கள். துடைக்காமல் விட்டால் பிசுபிசுவென்று தோல்போல் படியும். ஒரு நாள் விட்டு மறுபடி. மூன்று முறை போதும். அப்புறம் வெளிச்சமும் காற்றும் உள்ள இடத்தில் இரண்டு மூன்று வாரம் தொங்கவிட வேண்டும். கையில் பிசுக்கு ஒட்டாமலும் எண்ணெய் வாடை அடங்கியும் இருந்தால் தயார்.

எண்ணெய் துடைத்த துணியைக் கசக்கி மூலையில் போடாதீர்கள். ஆளிவிதை எண்ணெய் இறுகும்போது வெப்பம் வெளிவிடும். கசங்கிய துணிக்குள் அந்த வெப்பம் தங்கித் தானாகவே தீப்பற்றும். துணியை விரித்து வெளியே காயவையுங்கள், அல்லது தண்ணீரில் முக்கி வையுங்கள்.

பயன்படுத்தத் தொடங்கியபின் கழுவித் துடைத்து நிறுத்திவைத்தால் போதும். ஊறப்போடக் கூடாது, பாத்திரம் கழுவும் இயந்திரத்தில் போடக் கூடாது. நிறம் வெளுத்து வறண்டு தெரிந்தால் இன்னொரு முறை எண்ணெய்.

சரி, மூன்றாவது படியில் பையில் கட்டிவைத்த மறுபாதிக் கட்டை என்னவாயிற்று? நான்கைந்து நாளில் அதில் பூஞ்சை தலைகாட்டும். முதல் கரண்டி காகிதத்துக்குள் காய்ந்துகொண்டிருக்கும்போதே அதை எடுத்துப் பக்கக் கோடு வரைந்துவிடுங்கள். உடனே முடியாவிட்டால் கட்டை முழுசாக மூழ்கும்படி ஒரு வாளித் தண்ணீரில் போட்டு, இரண்டு நாளுக்கு ஒருமுறை தண்ணீரை மாற்றுங்கள்.